மனசுக்குள்ள கட்டின கோயில் 'இருக்கா'?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன்: ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம படுத்திருக்கும்போது உங்களைத் துரத்துற கேள்வி எது? நிறைய வாய்ஸ் நோட் வந்தது. லோன், கல்யாணம், அப்ரைசல் இதையெல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தா மிச்சம் நாலு கேள்விகள். ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாமே, ஏன் இவ்வளவு இருக்கு? இதுல 'நான்'ங்கிறது யாரு? செத்ததுக்கு அப்புறம் ஏதாவது இருக்கா? இதுக்கெல்லாம் ஒரு அர்த்தம் இருக்கா?

முதல் கேள்வியை ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1714-ல கிட்டத்தட்ட இதே வடிவத்துல எழுதி வெச்சார். மத்த மூணும் அதைவிட ரொம்பப் பழசு. ஆனா நாலையும் ஒண்ணு கீழ ஒண்ணா எழுதிப் பார்த்தா எல்லாத்துலயும் ஒரே வினைச்சொல் வந்து நிக்குது: 'இரு'. கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும். ஒரு வேரியபிள்ல ஏன் தப்பான மதிப்பு வருதுன்னு மணிக்கணக்கா தேடுறதுக்கு முன்னாடி, அந்த வேரியபிள் முதல்ல அங்க இருக்கான்னு பார்க்கணும். அதனால இன்னைக்கு அந்த நாலுக்கும் அடியில இருக்கிற அஞ்சாவது கேள்வி. 'இருக்கு'ன்னா என்ன?

இதைப் பேச எனக்குத் தெரிஞ்ச மிக நல்ல உதாரணம் நான் குடியிருக்கிற திருநின்றவூர்லயே இருக்கு. சென்ட்ரல்ல திருவள்ளூர் லோக்கல் ஏறினா ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அடுத்தது திருநின்றவூர். இங்க ஒருத்தர் கோயில் கட்டினார். கல் இல்ல, செங்கல் இல்ல, சுண்ணாம்பு இல்ல. முழுக்க மனசுக்குள்ளேயே கட்டினார்.

பூசலார் கதை

உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச கதைதான். பூசலார் நாயனார், 63 நாயன்மார்கள்ல ஒருத்தர். ஆனா நாம கேட்ட வடிவத்துல சில விவரங்கள் விடுபட்டுப் போயிருக்கு. இன்னைக்கு நமக்கு அந்த விவரங்கள்தான் முக்கியம்.

சுந்தரர் தன்னோட திருத்தொண்டத்தொகையில இவரை ஊர்ப் பேரோட சேர்த்து ஒரு பெயரா மட்டும் சொல்லிட்டுப் போறார். கதையை விரிவா நமக்குத் தர்றது 12-ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் எழுதின பெரிய புராணம். சேக்கிழாரும் நம்ம பக்கத்துக்காரர்தான், குன்றத்தூர். இன்னைக்கு நெமிலிச்சேரியில வெளிவட்டச் சாலையைப் பிடிச்சா பூந்தமல்லி தாண்டிப் போயிடலாம். சோழ அரசுல பெரிய பொறுப்புல இருந்தவர். ஒரு கோயில் கட்டுறதுக்கு என்னென்ன வேணும், எது முன்னாடி எது பின்னாடி, எவ்வளவு செலவு பிடிக்கும்னு நல்லாவே தெரிஞ்சிருக்கும். அது அவர் கதையைச் சொல்ற விதத்துலயே தெரியுது.

பூசலாருக்குச் சிவனுக்கு ஒரு கோயில் எடுக்கணும்னு ஆசை. கையில பணம் இல்லை. முதல்ல அவர் மனசுக்குள்ள எல்லாம் போகவில்லை. எங்கெங்கேயோ அலைந்து பொருள் தேடினார். கிடைக்கவில்லை. வருந்தினார். அதற்குப் பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தார்.

முடிவு எடுத்த அப்புறம் என்ன செஞ்சார்னு கவனிங்க. கண்ணை மூடினார், கோயில் வந்துடுச்சுன்னு கதை போகலை. மனசாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் சேர்த்தார். வேண்டிய சாமான்களைத் தேடினார். தச்சர்களைத் தேடிப் பிடித்தார். நல்ல நாள் பார்த்து வேலையைத் தொடங்கினார். ராத்திரியும் தூங்காமல் வேலை பார்த்தார். அடித்தளத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றி, சிகரம் வைத்து, சுதை வேலை முடித்து, கிணறு எடுத்து, சுற்றுமதில் கட்டி, குளம் வெட்டி, கடைசியில் குடமுழுக்குக்கு ஒரு நாளும் குறித்தார்.

அதே சமயத்துல காஞ்சிபுரத்துல காடவர் மன்னர், அதாவது பல்லவ ராஜா, கல்லால ஒரு பெரிய கோயில் கட்டி முடிச்சு, பெரும் பொருள் செலவழிச்சு, அதே நாள்ல குடமுழுக்கு வெச்சிருக்கார். முந்தின ராத்திரி ராஜாவோட கனவுல சிவன் வந்து, 'நின்றவூர்ல பூசல் எடுத்த கோயிலுக்கு நாளைக்கு நான் போகணும், உன் விழாவை வேற நாளைக்கு வெச்சுக்கோ'ன்னு சொல்றார். ராஜா கிளம்பி வர்றார். ஊர்ல விசாரிக்கிறார். 'பூசலார் கட்டின கோயிலா? அப்படி ஒண்ணு இங்க இல்லையே'ன்னு பதில் வருது. கடைசியில பூசலார் இருக்கிற இடத்துக்கு ராஜாவே தேடிப் போய்க் கேக்கிறார். பூசலார் ஆடிப்போயிட்டார். கையில பொருள் இல்லாததால மனசாலேயே நினைச்சு நினைச்சுக் கட்டின கோயில்னு விவரம் சொல்றார். ராஜா அவர் காலில் விழுந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போகிறார்.

அந்தக் காஞ்சிக் கோயில் கைலாசநாதர் கோயில்னும், அந்த ராஜா இரண்டாம் நரசிம்மவர்மன் என்கிற ராஜசிம்மன்னும் ஆய்வாளர்கள் சொல்றாங்க. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அந்தக் கோயில் கல்வெட்டுலயே சுவாரசியமான ஒரு விஷயம் இருக்கு. முன் யுகத்து மன்னர்களுக்கு வானத்துல இருந்து குரல் கேட்டதுல அதிசயம் இல்லை, நல்ல குணங்கள் விலகிப்போன இந்தக் கலியுகத்துல இந்த ராஜாவுக்குக் கேட்டதுதான் அதிசயம்ங்கிற பொருள்ல ஒரு வடமொழிச் செய்யுள். அதுல பூசலார் பேர் இல்லை. ஆனா அதையும் இந்தக் கதையையும் இணைச்சுப் பார்க்கிறவங்க உண்டு.

இன்னைக்குத் திருநின்றவூர்ல இருதயாலீஸ்வரர் கோயில்னு கல்லால ஆன கோயிலே இருக்கு. இதயக் கோளாறு இருக்கிறவங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சவங்க, தேடி வந்து வேண்டிக்கிட்டுப் போறாங்க. அந்தக் கோயிலைப் பத்தி நமக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் முதல் கோயில் பத்தி. ராஜா வந்து நின்ன அன்னைக்கு இந்த ஊர்ல எத்தனை கோயில் இருந்துச்சு? பூசலார் கோயிலை எண்ணிக்கையில சேர்க்கலாமா, கூடாதா?

மூணு பதில்கள்

முதல் பதில் ஊர்க்காரங்க சொன்னதுதான். கண்ணுக்குத் தெரியலை, அதனால இல்லை. இதைச் சாதாரணமா நினைக்காதீங்க, தமிழ்லயே இதுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. மணிமேகலை காப்பியத்துல மணிமேகலை வஞ்சி மாநகர்ல ஒவ்வொரு சமயத்துக்காரரையும் தேடிப்போய், 'உங்க கொள்கை என்ன?'ன்னு கேட்டுக்கிட்டே வருவா. அதுல ஒருத்தர் பூதவாதி. பூதம்னா பேய் இல்ல. நிலம், நீர், தீ மாதிரியான மூலப்பொருள்கள். அவர் கட்சி என்னன்னா, நேராக் காண்பது மட்டுமே நம்பத் தகுந்தது, ஊகமெல்லாம் செல்லாது. மணிமேகலை சிரிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேக்கிறா: ஊகமே செல்லாதுன்னா, உங்க அப்பா அம்மா இவங்கதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒரு கேள்வியில பூதவாதியோட கடை பாதி காலி. பிறந்தப்போ யாரும் பார்த்துக்கிட்டு இருந்து சாட்சி சொல்லலை. ஆனா அம்மா அப்பா இருக்காங்க. நம்ம வேலையையே எடுத்துக்கோங்க. ஒரு சாஃப்ட்வேரை யாராவது பார்த்திருக்கோமா? திரையில தெரியறது அதோட விளைவு. சர்வர்ல இருக்கிறது மின்சார நிலைகள். லேப்டாப்பைப் பிரிச்சா உள்ள எங்கேயும் 'இதோ ஆப்'னு ஒரு பொருள் கிடைக்காது. ஆனா அது இல்லைன்னு சொன்னா மாசக் கடைசியில சம்பளம் எதுக்கு வருது?

ரெண்டாவது பதில் நேர் எதிர்ப்பக்கம். மனசுல இருக்கிறது மட்டும்தான் இருக்கு, வெளியுலகம்னு தனியா ஒண்ணு இல்லை. இது பௌத்தத்துல யோகாசாரம்னு ஒரு பிரிவு. இந்தப் பிரிவின் மிகப் பெரிய அறிஞர்கள்ல ஒருத்தர் தர்மபாலர், 6-ஆம் நூற்றாண்டுக்காரர், நாளந்தா பல்கலைக்கழகத்துக்கே தலைவரா இருந்தவர். 7-ஆம் நூற்றாண்டுல இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் எழுதிவெச்சிருக்கார், தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சிபுரம்னு. யோசிச்சுப் பாருங்க. எந்தக் காஞ்சியில ராஜா கல்லால கோயில் கட்டினாரோ, அதே காஞ்சியில அதுக்கு ஒண்ணரை நூற்றாண்டுக்கும் முன்னாடி பிறந்த ஒருத்தர், கல் உட்பட எல்லாமே உணர்வின் தோற்றம்தான்னு வாதாடியிருக்கார்.

அவர்கிட்ட நம்ம கேள்வியைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்? அந்தக் கொள்கைப்படி பார்த்தா, ராஜா கட்டினதும் மனக்கோயில், பூசலார் கட்டினதும் மனக்கோயில், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு சிக்கல். வித்தியாசமே இல்லைன்னா கதையே இல்லை. பூசலார் ஏன் பணத்துக்கு அலைஞ்சார்? கிடைக்கலைன்னு ஏன் வருத்தப்பட்டார்? எல்லாமே மாயைதானேன்னு நம்மகிட்ட சொல்ற நண்பர், அதே கையோட டீக்காசைத் தராமப் போனா விடுவோமா?

மூணாவது பதில் இம்மானுவேல் கான்ட், 1781. அவர் சொன்ன உதாரணம் அந்தக் காலத்து நாணயத்துல; நான் நம்ம காசுல சொல்றேன். நான் மனசுல நினைக்கிற நூறு ரூபாய்க்கும் என் பர்ஸ்ல இருக்கிற நூறு ரூபாய்க்கும், 'நூறு ரூபாய்'ங்கிற கருத்துல எந்த வித்தியாசமும் இல்லை. நிஜ நோட்டுல ஒரு ரூபாய் கூடுதலா இல்லை. ஆனா என் நிலைமையில வித்தியாசம் இருக்கு. ஒண்ணை வெச்சுச் சாப்பிடலாம், இன்னொண்ணை வெச்சு முடியாது. அதாவது 'இருக்கு'ங்கிறது ஒரு பொருளோட பண்புகள் பட்டியல்ல வர்ற இன்னொரு பண்பு இல்லை. சிவப்பு, உருண்டை, இனிப்பு, 'இருப்பு'ன்னு வரிசையில சேர்க்க முடியாது.

கான்ட் சொல்றதை மறுக்கிறது கஷ்டம். மனசுல கட்டின கோயில்ல மழைக்கு ஒதுங்க முடியாது. அந்தக் குளத்துத் தண்ணியைக் குடிக்க முடியாது. ராஜா கட்டின கோயில் 1,300 வருஷமா வெயில்லயும் மழையிலயும் நிக்குது, நாம போய்த் தொட்டுப் பார்க்கலாம். இதை ஒப்புக்கிட்டுத்தான் மேல போகணும்.

ஒரு சோதனை

அப்போ பூசலார் கோயில் 'இல்லை'ன்னு முடிச்சுடலாமா? அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் கேஸ் ஓட்டிப் பார்ப்போம்.

பிளேட்டோ எழுதின 'சோஃபிஸ்ட்'ங்கிற உரையாடல்ல ஒரு யோசனை வருது. ஒண்ணு இருக்குன்னு சொல்ல என்ன அடையாளம்னா, அதால இன்னொண்ணைப் பாதிக்க முடியணும், இல்லை அது இன்னொண்ணால பாதிக்கப்படணும். எவ்வளவு சின்ன அளவா இருந்தாலும் போதும். இதுக்கும் பல நூற்றாண்டு கழிச்சு, 7-ஆம் நூற்றாண்டு வாக்குல, நம்ம நாட்டு பௌத்த தர்க்கவாதி தர்மகீர்த்தி வேற ஒரு பாதையில கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்தார். செயல்விளைவு உண்டாக்கக்கூடியதே உண்மையில் உள்ளது. தீ உள்ளதுன்னா அது சுடணும், சமைக்கணும்.

இந்த டெஸ்ட்டைப் பூசலார் கோயில் மேல ஓட்டுங்க. கதைக்குள்ளேயே நின்னு பார்த்தா அந்தக் கோயில் என்ன செஞ்சுது? ஒரு ராஜாவோட தேதியை மாத்துச்சு. இதுதான் கதையோட மையம்னு எனக்குத் தோணுது. சேக்கிழார் வேற எப்படி வேணும்னாலும் சொல்லியிருக்கலாம். வானத்துல இருந்து பூமழை பெய்ததுன்னு சொல்லியிருக்கலாம், மனக்கோயில் திடீர்னு கல்லா மாறிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம். அவர் ஒரு காலண்டர் மோதலை வெக்கிறார். ரெண்டு குடமுழுக்கு, ஒரே நாள், ஒண்ணு நகர்ந்தாகணும். இல்லாத ஒண்ணோட இருக்கிற ஒண்ணு மோதாது. அது மோதுச்சு, நகர்ந்தது கல்கோயிலோட தேதி.

இங்க ஒரு எச்சரிக்கையும் வேணும். வங்கி திவாலாகப் போகுதுன்னு வாட்ஸ்ஆப்ல ஒரு வதந்தி வந்தா ஆயிரம் பேர் ஏடிஎம் வாசல்ல நிப்பாங்க. விளைவு இருக்கு. அதனால வங்கி திவாலாயிடுச்சா? இல்லை. அங்க இருக்கிறது வதந்தி. வதந்தி சொல்ற விஷயம் இல்லை. அதே மாதிரி இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இன்னைக்குக் கூட்டம் வருதுங்கிறதால 8-ஆம் நூற்றாண்டுல எல்லாம் அப்படியே நடந்துச்சுன்னு நிரூபணம் ஆகாது. கதை இருக்குங்கிறதுதான் நிரூபணம் ஆகுது. விளைவை வெச்சு எது இருக்குன்னு முடிவு பண்ணும்போது, எதோட விளைவுன்னு கவனமா கேக்கணும். இதை விட்டுட்டா ஜோசியக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது.

அந்தக் கவனத்தோட திரும்பப் பார்க்கலாம். பூசலார் மனசுல இருந்தது வெறும் நினைப்பா? வெறும் நினைப்புக்கும் அவர் செஞ்சதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. நான் இப்போ 'எவரெஸ்ட் உயரத்துக்குக் கோபுரம்'னு நினைச்சா ஒரு வினாடியில வந்துடும். அதுக்கு அடித்தளம் தேவையில்லை. அது தப்பாப் போகவே முடியாது. ஆனா பூசலார் தனக்குத்தானே விதி போட்டுக்கிட்டார். பொருள் சேர்ந்தாத்தான் வேலை. அடி வரிசை முடிஞ்சாத்தான் மேல் வரிசை. நாள் பார்த்துத்தான் தொடக்கம். மனசுக்குள்ள கட்டுறதுக்கு எதுக்கு ராத்திரி கண் முழிக்கணும்? ஏன்னா அவர் போட்டுக்கிட்ட விதிப்படி வேலை இன்னும் பாக்கி இருந்துச்சு.

தப்பாப் போக வாய்ப்பு இருக்கிற ஒண்ணு, நம்ம இஷ்டத்துக்கு வளையாத ஒண்ணு, அது வெறும் நினைப்பைவிடக் கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு நான் நினைக்கிறேன். கார்ல் பாப்பர்னு ஒரு தத்துவவாதி 1978-ல ஒரு உரையில இதைத் தெளிவா பிரிச்சார். பௌதிகப் பொருள்கள் முதல் உலகம். மனசோட அனுபவங்கள் இரண்டாம் உலகம். மனசால உருவாக்கப்பட்ட கோட்பாடு, கணக்கு, இசை, கதை இதெல்லாம் மூன்றாம் உலகம். எண்களை மனுஷன் உண்டாக்கினான்னே வெச்சுக்குவோம். ஆனா உண்டாக்கின உடனே பகா எண்கள் நமக்கு அடங்காம நிக்குது. யாரும் திட்டமிடாத புதிர்களைக் கொடுக்குது. சாஃப்ட்வேரும் அதே ஜாதிதான். நாமே எழுதினது, ஆனா ராத்திரி மூணு மணிக்கு நம்ம பேச்சைக் கேக்காது.

யாரும் பார்க்காத வருஷங்கள்

இப்போ இது ஏன் எனக்கு வெறும் தத்துவமா இல்லைன்னு சொல்றேன். வந்த வாய்ஸ் நோட்ல ஒண்ணை நான் மூணு தடவை கேட்டேன். ஒரு நேயர் சொல்றார்: 'அஞ்சு வருஷம் டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சேன் ப்ரோ. கிடைக்கலை. இப்போ ஒரு கடையில கணக்கு எழுதுறேன். ரெஸ்யூமேல அந்த அஞ்சு வருஷத்துக்குப் பேர் கேப். அந்த அஞ்சு வருஷம் இருந்துச்சா, இல்லையா?'

எனக்கும் அதோட ஒரு சின்ன வடிவம் தெரியும். நாங்க ஏழு பேர் ரெண்டு வருஷம் ஒரு ப்ராடக்ட் கட்டினோம். வெளியிட ரெண்டு வாரம் இருக்கும்போது மேலிடத்துல முடிவு மாறிடுச்சு. ஒரு மீட்டிங், இருபது நிமிஷம். அன்னைக்குச் சாயங்காலமே ரெப்போவை ஆர்க்கைவ் பண்ணிட்டாங்க. ஒரு யூசர்கூட அதைத் தொட்டதில்லை. மீட்டிங் முடிவுல எங்களுக்குச் சொன்னது, 'லேர்னிங்னு எடுத்துக்கோங்க.' அம்பத்தூர்ல இருந்து ட்ரெயின்ல நின்னுக்கிட்டே வரும்போது எனக்குக் கோபம்கூட வரலை. நான் ரெண்டு வருஷம் என்ன செஞ்சேன்னு அம்மா கேட்டா எதைக் காட்டுறதுங்கிறதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இந்த இடத்துல பூசலார் கதையை ரொம்ப சுலபமா தப்பா உபயோகிக்கலாம். 'பாரு, மனசுல கட்டினாலே போதும், பலனை எதிர்பார்க்காதே'ன்னு. யார் இதை யாருக்குச் சொல்றாங்கன்னு பாருங்க. கல்கோயில் வெச்சிருக்கிறவங்க இல்லாதவங்களுக்குச் சொன்னா அது தத்துவம் இல்லை, ஏமாத்து. கதையில அப்படி யாரும் பூசலாருக்குச் சொல்லலை. அவர் முதல்ல நிஜமான கோயிலுக்குத்தான் ஆசைப்பட்டார். அலைஞ்சார், கேட்டார், கிடைக்காம வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைச் சேக்கிழார் மறைக்கலை. கான்ட் சொன்ன நூறு ரூபாயும் நிக்குது. ரெண்டு வருஷ உழைப்புக்குச் சம்பளத்துக்குப் பதிலா 'அனுபவம்' குடுக்க முடியாது. வேலை கிடைக்காத நேயருக்கு வாடகை கட்டணும். அதுல எந்த மழுப்பலும் வேண்டாம்.

ஆனா அவர் கேட்ட கேள்வி வாடகையைப் பத்தி இல்லை. 'இருந்துச்சா, இல்லையா'ன்னு கேட்டார். அதுக்குக் கதையில ஒரு பதில் இருக்கு. நிகழ்ச்சிகளோட வரிசையைப் பார்த்தா தெரியும். முதல்ல கோயில் முடியுது. அப்புறம் தேதி குறிக்கப்படுது. அதுக்கப்புறம்தான் ராஜாவோட கனவு. அதாவது, ஒரு ஆள்கூடத் தெரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடியே வேலை முழுசா முடிஞ்சிருந்துச்சு. ராஜா வந்ததால அந்தக் கோயில் உண்டாகலை. ராஜா வந்ததால அது தெரிய வந்துச்சு. பூசலார் ஆடிப்போனதும் அதனாலதான். யாரோ வந்து பார்ப்பாங்கன்னு அவர் கணக்குல இல்லவே இல்லை.

நமக்கு 'இருக்கு'ங்கிறதும் 'தெரியுது'ங்கிறதும் ஒண்ணா குழம்பிப் போயிருக்கு. போஸ்ட் போடாத ட்ரிப் போகாத ட்ரிப் மாதிரி. லிங்க்ட்இன்ல இல்லாத வேலை செய்யாத வேலை மாதிரி. பூதவாதிகிட்ட மணிமேகலை கேட்டது இங்கயும் பொருந்தும். நீ பேச ஆரம்பிச்ச அன்னைக்கு முன்னாடி உன்னைத் தூக்கி வளர்த்த ராத்திரிகள் எதுவும் உனக்குத் தெரியாது. எந்த ரெக்கார்டும் இல்லை. அதனால அந்த ராத்திரிகள் இல்லாமப் போயிடுச்சா?

'கடவுள் பார்த்தார் ப்ரோ, அதனாலதான் அது கணக்குல வந்துச்சு, எனக்கு நம்பிக்கை இல்லையே'ன்னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. நம்பிக்கை உள்ளவங்களுக்கு, எதுவும் பார்க்கப்படாமப் போறதில்லைங்கிறதே இந்தக் கதை. அவங்ககிட்ட எனக்கு வாதம் இல்லை. நம்பிக்கை இல்லாதவங்களும் அதே டெஸ்ட்டை ஓட்டலாம்: அந்தக் கோயில் முதல்ல யாரைப் பாதிச்சுது? ராஜாவை இல்லை. பூசலாரை. ஒவ்வொரு வரிசையா வெச்சு, ராத்திரி கண் முழிச்சு, ஒரு வேலையைக் குறைவில்லாம முடிச்ச ஒருத்தரா அது அவரை ஆக்கியிருந்துச்சு. அந்த நேயர் வாய்ஸ் நோட்டோட கடைசியில, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு வரி சொன்னார். கடை முதலாளி பையன் பத்தாவது படிக்கிறான், வரலாறு நான்தான் சொல்லித் தர்றேன், கதை மாதிரி இருக்குன்னு சொல்றான்னு. நண்பா, அந்த வரலாறு எங்க இருந்து வந்துச்சு? இல்லாத அஞ்சு வருஷத்துல இருந்தா?

உள், உள்ளம், உள்ளது

தமிழ்ல ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? உள்னா உட்புறம். உள்ளம்னா மனசு. உள்ளுதல்னா நினைத்தல். உள்ளதுன்னா இருப்பது. நாலும் காதுக்கு ஒரே குடும்பம் மாதிரி கேக்குது. ரமண மகரிஷி 1928-ல எழுதின 'உள்ளது நாற்பது' தொடங்குறதே இந்த 'உள்ளது', 'உள்ளம்'ங்கிற சொற்களைப் பின்னித்தான். மொழியில இருக்கிற ஒலி ஒற்றுமை எந்தத் தத்துவத்தையும் நிரூபிக்காது. ஆனா வேற மொழியில சுத்தி வளைச்சுப் போகவேண்டிய இடத்துக்கு, தமிழ்ல யோசிச்சா ஒரு குறுக்குவழி கிடைக்குது. உள்ளே உள்ளதும் உள்ளதுதான்னு நம்மால ஒரே மூச்சுல சொல்ல முடியுது.

அப்போ ராஜா வந்த அன்னைக்கு இந்த ஊர்ல எத்தனை கோயில்? என் பதில்: நிழல் தர்ற கோயில்களோட கணக்குல அதைச் சேர்க்க முடியாது. ஒரு மனுஷனையும் ஒரு ராஜாவோட தேதியையும் நகர்த்தின கோயில்களோட கணக்குல அதைச் சேர்க்காம இருக்க முடியாது. 'இருக்கு'ங்கிற சொல் ஒரே மாதிரி ஒலிச்சாலும், கல் இருக்கிற மாதிரி கணக்கு இருக்காது, கணக்கு இருக்கிற மாதிரி கடன் இருக்காது, கடன் இருக்கிற மாதிரி நேத்து இருக்காது. எதுவும் இன்னொண்ணைவிடப் பொய் இல்லை. இருக்கிற விதம் வேற.

ஆரம்பத்துல சொன்ன நாலு கேள்வியையும் இதோட திரும்ப எடுத்தா கொஞ்சம் உருமாறித் தெரியும். 'செத்த பிறகு இருக்கேனா'ன்னு கேக்கிறதுக்கு முன்னாடி 'எந்த விதத்துல'ன்னு கேக்கணும். 'ஏன் எல்லாம் இருக்கு'ன்னு கேக்கும்போது, அந்த 'எல்லாம்'ல யாரும் பார்க்காத ஒரு அஞ்சு வருஷமும் சேர்த்தின்னு ஞாபகம் வெக்கணும். அர்த்தம் பத்தின கேள்வியை அடுத்த எபிசோடுக்கு வெச்சிருக்கேன். அது தனியா ஒரு மணி நேரம் கேக்கும்.

ஒரு சின்ன வேலை குடுத்துட்டுப் போறேன். நீங்க முடிச்ச, ஆனா யாரும் பார்க்காத ஒரு விஷயத்தை ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வெளியாகாத ஆப், அனுப்பாத கடிதம், ஆஸ்பத்திரியில தாத்தா பக்கத்துல உட்கார்ந்திருந்த மூணு மாசம், எதுவா இருந்தாலும் சரி. சாதனைக் கதை வேண்டாம். என்ன செஞ்சீங்க, எந்த வரிசையில செஞ்சீங்கன்னு சொன்னா போதும். பேர் சொல்லணும்னு அவசியமில்லை.

திருநின்றவூர் பக்கம் வந்தா இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இதே ஊர்லதான். ஐப்பசி மாசம் அனுஷ நட்சத்திரம் பூசலாரோட குருபூஜை நாள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலையும் ஒரு நாள் பார்த்துடுங்க. ரெண்டையும் பார்த்துட்டு உங்க கணக்குல எத்தனை கோயில் வருதுன்னு எனக்குச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல பேசலாம்.